நாள் கணக்கு

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெரு.
சாவி தொலைந்த பூட்டுகள் ஒன்பதோடு
பிஸ்கட் டின்னில் வந்து சேர்ந்தது அது.
கண்டனூரில் பதினோரு புள்ளி வீடு.
பாகம் பிரித்தபோது
ஒரு தேக்கு நிலைக்குக் கோர்ட்டுக்குப் போனவர்கள்
இதை எனக்கு உனக்கு என்று கேட்கவில்லை.

ஆறு முனை. பித்தளைக்குத் தங்கை போல ஒரு மஞ்சள்.
நடுவில் கிரீடம், சுருள் எழுத்தில் ஒரு ராஜா,
சுற்றிலும் வளையத்தில் பர்மா.
எடைக்குப் போட்டால் டீச்செலவுக்குக் காணாது.

புனேக்காரர் போனில் கேட்கிறார்:
ரிப்பன் பழசா, நடுச்சிவப்பு அகலமா,
இரு பக்க நீலத்திலும் ஆரஞ்சுக் கோடு ஓடுகிறதா?
அந்த ஆரஞ்சு, சூரியனாம்.
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்.
அங்கே காய்ந்த வெயிலுக்கு
ஒதுக்கிய இடம்
என் சுண்டுவிரல் நகத்தில் பாதி.

விதிகள் அவருக்கு வாய்ப்பாடு.
கப்பல்காரனுக்கு ஆறு மாதம்.
விமானத்தில் போனவனுக்கு ஒரு பறப்பு.
தரைப்படைக்கு
ஒரே ஒரு நாள்,
குறித்த இரு தேதிகளுக்குள்,
குறித்த எல்லைக்குள்,
பட்டியலில் பெயர் இருந்து.

பின்பக்கம் திருப்பச் சொன்னார்.
எண். ரோடு போடும் படை. சேவுகன்,
இங்கிலீஷில் ஓர் எழுத்துப் பிழையோடு.
பெயர் வெட்டியிருந்தால் மூன்று மடங்கு தருகிறேன் என்றார்.
பிழைக்குக் கழிவு கேட்கவில்லை.

டின்னின் அடியில் விரித்திருந்த காகிதத்தை
அதற்கப்புறம்தான் எடுத்தேன். பேரேட்டில் கிழித்தது.
விரோதி வருஷம், ஐப்பசி.
சேவுகன் பற்று ரூபாய் பதினைந்து.
ஈடு: நட்சத்திரம் 1. வெள்ளி அன்று. பொன் அன்று.
பக்கத்தில் வட்டிக் கட்டம்.
அதில் ஒன்றுமில்லை.

கண்டனூரில், வட்டிக் கட்டத்தில், ஒன்றுமில்லை!
முதலாளி சீனி இப்ராகிம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இரண்டு தடவை படித்தார்.
மறந்திருப்பார் என்றார்.
டீ வந்தது. குடித்து முடித்து,
மறக்கிற கையெழுத்தா இது, என்றார்.

மறுபக்கம் அதே கை, வேறு மை.
சர்க்காருக்கு அனுப்பிய மனுவின் நகல்.
பெகு கடை, பெட்டியடிப் பையன் வயிரவன்,
விஷு வருஷம் மாசி மூன்றாம் தேதி புறப்பட்டது.
நடை, நாள் 58.
பெட்டிக்கணக்கு நோட்டு மூன்று, முதுகில்.
அரிசி, படி ஏழு ரூபாய்.
தண்ணீர், குவளை எட்டணா.
கூட வந்தவர் ஒன்பது பேர். கரை சேர்ந்தவர் நாலு பேர்.
தமூவில் ரோட்டுப் படையாள் ஒருவன் கொடுத்த கஞ்சி:
விலை இல்லை.
ஓரத்தில் சிவப்பு மையில், வேறு கையில்,
தள்ளுபடி.

விதியை வைத்துப் பார்த்தேன், சும்மாதான்.
தேதி சரி.
எல்லை சரி.
நாள், ஐம்பத்தெட்டு மடங்கு சரி.
பட்டியல் மட்டும் இல்லை.
கஞ்சி கொடுத்தவன்தான் சேவுகனா
என்று காகிதத்தில் இல்லை.
நானாக எழுதிச் சேர்த்தால்
இன்னும் ஆயிரம் கூட்டித் தருவார் புனேக்காரர்.
சேர்க்கவில்லை.

பணம் வந்துவிட்டது.
பஞ்சு வைத்துக் கட்டி
கூரியர் சீட்டில் எழுதினேன்:
நட்சத்திரம் 1. வெள்ளி அன்று. பொன் அன்று.
மதிப்பு என்ற கட்டத்தை விட்டுவிட்டேன்.

காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காதுக்கா,
ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க என்கிறான் பையன்.
வெளியே அவன் வண்டி
நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருக்கிறது.

பதினைந்து என்று போடச் சொன்னேன்.